சீனமும் மேற்கும்: ஒரு கேள்வியிலிருந்து தொடங்கும் வாசிப்பு

சீன வரலாற்றையும் மேற்குலக வரலாற்றையும் படிக்க வேண்டும் என்ற ஆவல் எழுந்தவுடன் பெரும்பாலோர் செய்வது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய பொது வரலாற்று நூலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவதுதான். ஒருபுறம் ஷாங், சோவ், சின், ஹான் என்று அரச மரபுகள் வரிசையாக வருகின்றன; மறுபுறம் கிரேக்க நகர அரசுகள், அலெக்சாந்தர், ரோமக் குடியரசு, ரோமப் பேரரசு என்று இன்னொரு வரிசை நீள்கிறது. சில நூறு பக்கங்களுக்குள் பெயர்களும் ஆண்டுகளும் ஒன்றோடொன்று கலந்து, எது எதற்காக நடந்தது என்ற பிடி நழுவிவிடுகிறது. வாசிப்பவரின் நினைவாற்றல் குறைவு என்பது இதற்குக் காரணமன்று. எதைத் தேடிப் படிக்கிறோம் என்பது தெளிவாக இல்லாதபோது எல்லாத் தகவல்களும் ஒரே எடையுடன் வந்து விழுகின்றன. எதை நிறுத்திக்கொள்வது, எதைக் கடந்து செல்வது என்று தீர்மானிக்க அப்போது வழியில்லை. பொது வரலாற்று நூல்கள் மிகவும் தேவையானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவை ஒரு கேள்வியோடு வருபவருக்கே முழுமையாகப் பயன்படுகின்றன.

கேள்வியோடு தொடங்குவது புதிய முறையும் அன்று. கி.மு. 167இல் கிரேக்கத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் பேர் பிணையாளிகளாக ரோமப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் ஒருவர் பாலிபியஸ். தன்னுடைய நாட்டை அடக்கிய வல்லரசின் நடுவே வாழ்ந்துகொண்டு, அதன் வரலாற்றை எழுதத் தொடங்கிய அவர், முதல் பக்கங்களிலேயே தன் கேள்வியை வைத்துவிடுகிறார்: 53 ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் மனிதர் வாழும் உலகம் ஏறக்குறைய முழுவதும் ரோமின் ஆட்சிக்குள் வந்தது எப்படி, எத்தகைய அரசமைப்பைக் கொண்டு? அந்தக் கேள்விதான் எந்தப் போரை விரிவாகச் சொல்ல வேண்டும், எதைச் சுருக்க வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. எழுதுபவருக்குக் கேள்வி எவ்வாறு உதவியதோ அவ்வாறே வாசிப்பவருக்கும் உதவும்.

இவ்விரண்டு வரலாறுகளையும் சேர்த்துப் படிக்கத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைக்கும் கேள்வி ஒன்று உண்டு. ஏறத்தாழ ஒரே காலத்தில் யூரேசியாவின் இரு முனைகளிலும் இரண்டு பெரும் பேரரசுகள் இருந்தன. ஹான் பேரரசு கி.மு. 202 முதல் கி.பி. 220 வரை, நடுவில் வாங் மாங் ஆட்சியைக் கைப்பற்றியிருந்த சில ஆண்டுகள் நீங்கலாக, நிலைத்தது. ரோமில் அகஸ்டஸ் கி.மு. 27இல் பேரரசர் ஆட்சிக்கு அடித்தளமிட்டார். கி.பி. 2ஆம் ஆண்டின் ஹான் கணக்கெடுப்பில் 5 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவாகியுள்ளனர். ரோமப் பேரரசின் மக்கள்தொகையையும் அதை ஒட்டிய அளவிலேயே அறிஞர்கள் மதிப்பிடுகின்றனர். இரண்டும் சிதைந்தன. சீனத்தில், இடையே ஜின் மரபின் கீழ் சிறிது காலம் ஒன்றாயிருந்தது நீங்கலாக, ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுப் பிரிவினைக்குப் பிறகு 589இல் சுய் மரபு நாட்டை மீண்டும் ஒன்றாக்கியது. அதன்பின் பிரிந்தாலும் மீண்டும் மீண்டும் ஒன்றாயிற்று. மேற்கு ஐரோப்பாவிலோ 476இல் மேற்கு ரோமின் கடைசிப் பேரரசர் பதவியிறக்கப்பட்ட பிறகு, அந்தப் பரப்பு முழுவதையும் ஓர் அரசு மறுபடியும் ஆளவே இல்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு 3ஆம் நூற்றாண்டு முதல் 6ஆம் நூற்றாண்டு முடிய உள்ள காலத்தை மட்டும் இருபுறமும் படித்தால் போதும். முன்னே என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள ஹான், ரோமப் பேரரசுகளின் நிருவாகத்துக்குத் தானாகவே திரும்பிச் செல்ல வேண்டியிருக்கும். பின்னே என்ன ஆயிற்று என்று அறிய சுய்க்கு அடுத்து வந்த தாங் மரபுக்கும், மேற்கில் ஃபிராங்கியப் பேரரசர் சார்லமேனுக்கும் செல்ல வேண்டியிருக்கும். நடுவிலிருந்து இருதிசையிலும் விரியும் இந்த வாசிப்பில், ஒவ்வொரு புதிய பெயரும் வந்து பொருந்துவதற்கு ஓர் இடம் முன்பே தயாராக இருக்கிறது.

அந்தக் காலத்தின் இரண்டு நகரங்களிலிருந்து தொடங்கலாம். 311இல் ஜின் மரபின் தலைநகரான லோயாங், வடபுல்வெளி நாடோடிகளான சியோங்னு மரபினரின் படைகளால் கைப்பற்றப்பட்டு எரிக்கப்பட்டது. 410இல் ரோம் நகரம் அலாரிக்கின் தலைமையில் வந்த விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தவரால் சூறையாடப்பட்டது. இருபுறத்திலும் படையெடுத்தவர்கள் முற்றிலும் அயலவர் அல்லர். பேரரசின் எல்லைக்குள் குடியேறி, அதன் படைகளில் பணியாற்றி, அதன் அரசியலை உள்ளிருந்து அறிந்தவர்கள். இந்த ஓர் ஒற்றுமையே, நாகரிகத்தை வெளியிலிருந்து வந்த முரடர்கள் அழித்தார்கள் என்ற பழைய கதையை இரண்டு இடங்களிலும் ஒருசேரத் தளர்த்திவிடுகிறது.

லோயாங் வீழ்ந்த செய்தி நம் காலத்துக்கு வந்து சேர்ந்த விதம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. 1907இல் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன், வடமேற்குச் சீனத்தின் துன்ஹுவாங் அருகே பாழடைந்த காவற்கோபுரம் ஒன்றில், சொக்தியன் மொழியில் எழுதப்பட்ட ஒரு கட்டுக் கடிதங்களைக் கண்டெடுத்தார். மத்திய ஆசிய வணிகர்கள் எழுதிய, உரியவர்களைச் சென்று சேராத கடிதங்கள் அவை. சமர்கண்டில் இருந்த தன் வணிகப் பங்காளிகளுக்கு எழுதிய ஒருவர், பஞ்சத்தால் பேரரசர் லோயாங்கை விட்டு ஓடியதையும், அரண்மனைக்கும் நகரத்துக்கும் தீ வைக்கப்பட்டதையும், லோயாங் இனி இல்லை என்பதையும் தெரிவிக்கிறார். அதே கட்டில் மிவ்னாய் என்ற பெண்ணின் கடிதமும் இருக்கிறது. துன்ஹுவாங்கில் தன்னையும் மகளையும் கைவிட்டுச் சென்ற கணவனிடம், உன் மனைவியாக இருப்பதைவிட ஒரு நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாக இருந்திருக்கலாம் என்று அவள் எழுதுகிறாள். பேரரசின் வீழ்ச்சி என்று நாம் இரண்டே சொற்களில் கடந்துபோகும் ஒன்று, கையில் பணமின்றி எல்லைப்புற ஊரில் சிக்கிக்கொண்ட ஒரு தாய்க்கு என்னவாக இருந்தது என்பதை அந்தத் தாள் சொல்கிறது.

ரோம் சூறையாடப்பட்ட செய்தியைப் பெத்லகேமில் இருந்த கிறித்தவ அறிஞர் ஜெரோம் கேட்டு, உலகம் முழுவதையும் பிடித்த நகரம் தானே பிடிபட்டது என்று புலம்பினார். பழைய தெய்வங்களைக் கைவிட்டதே ரோமின் அழிவுக்குக் காரணம் என்று எழுந்த குற்றச்சாட்டுக்கு விடையாக, வட ஆப்பிரிக்காவிலிருந்த ஆயர் அகஸ்டின் 'கடவுளின் நகரம்' என்ற பெருநூலை எழுதத் தொடங்கினார். வணிகரின் கடிதம் வாணிகச் சரக்கையும் நிலுவைத் தொகையையும் பற்றிப் பேசுகிறது. திருச்சபைத் தந்தையரின் எழுத்து பேரிடரின் பொருளைப் பற்றிப் பேசுகிறது. எத்தகைய சான்று எந்தப் பக்கத்திலிருந்து நமக்குக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த நிகழ்வைப் பற்றிய நம் எண்ணமும் அமைகிறது என்பதை இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது உணரலாம்.

வீழ்ச்சிக்குப் பிறகு நடந்தவற்றில்தான் கேள்வியின் விடைக்கான தடயங்கள் கிடக்கின்றன. வட சீனத்தை ஒன்றாக்கிய வடக்கு வெய் மரபினர், வடபுல நாடோடிகளான சியென்பெய் இனத்தவர். அவர்களுடைய பேரரசர் சியாவ்வென் 494இல் தலைநகரைத் தன் மக்களின் பழைய களமான பிங்செங்கிலிருந்து லோயாங்குக்கு மாற்றினார். அரசவையில் சியென்பெய் மொழியைத் தடைசெய்தார். தோபா என்ற தன் குடிப்பெயரையே யுவான் என்று மாற்றிக்கொண்டார். அதற்குச் சற்று முன்பு, 485இல், குடும்பத்தின் உழைப்பாற்றலுக்கு ஏற்ப நிலத்தை அரசே பகிர்ந்தளிக்கும் முறை கொண்டுவரப்பட்டது. நிலத்தைப் பகிர வேண்டுமானால் மக்களை எண்ண வேண்டும்; மக்களை எண்ணிப் பதிவுசெய்யும் அரசு வரியும் வாங்கும், படையும் திரட்டும். பின்னால் சுய் மரபும் தாங் மரபும் எழுந்து நின்றது இந்த அடித்தளத்தின் மீதுதான்.

மேற்கில் திசை வேறாக இருந்தது. 439இல் வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தவர் கார்த்தேஜைப் பிடித்தபோது, ரோமுக்குத் தானியமும் வரியும் வழங்கிவந்த வட ஆப்பிரிக்கா கைவிட்டுப் போயிற்று. வருவாய் இல்லாமல் படையைப் பேணவும், படையில்லாமல் வருவாயை மீட்கவும் இயலாத நிலை வந்தது. கிழக்கில் நிலைத்திருந்த ரோமப் பேரரசின் ஆட்சியாளர் ஜஸ்டினியன் 533இல் ஆப்பிரிக்காவை மீட்டார். இத்தாலியை மீட்கும் போர் 535இல் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீண்டு, மீட்கப்பட வேண்டிய நாட்டையே பாழாக்கியது. நடுவில் 541இல் பெருங்கொள்ளைநோய் வந்தது. 568இல் இன்னொரு ஜெர்மானிய இனத்தவரான லோம்பார்டுகள் இத்தாலிக்குள் நுழைந்தனர். மேற்கின் புதிய அரசர்கள் வீரர்களுக்கு ஊதியம் தருவதற்குப் பதிலாக நிலத்தைத் தரத் தொடங்க, வரிப் பதிவேடுகள் படிப்படியாகப் பயனற்றுப்போயின. பதிவேட்டை இழந்த அரசு, நிலமுடையோரின் தயவில் நிற்கும் அரசாகிவிட்டது.

இவை மட்டுமே விடை என்று நான் சொல்லவில்லை. புல்வெளி நாடோடிகளின் அழுத்தம் சீனத்தில் ஒரே பெரும் எல்லையில் குவிந்திருந்தது, ஐரோப்பாவின் மலைகளும் தீபகற்பங்களும் தனித்தனி அரசுகளுக்கு இடம்கொடுத்தன, பேச்சுமொழி மாறினாலும் மாறாத எழுத்து சீனத்து அலுவலர்களை இணைத்தது என்றெல்லாம் விளக்கங்கள் உள்ளன. அறிஞர்கள் இன்றும் இவற்றின் எடையைப் பற்றி வாதிடுகின்றனர். தொடக்க வாசகருக்கு இந்த வாதமே ஒரு பேறு. முடிந்துபோன தீர்ப்பைப் படிப்பவர் நம்புவதோடு நின்றுவிடுகிறார். நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் படிப்பவர் சான்றுகளை எடைபோடக் கற்றுக்கொள்கிறார்.

அந்த எடைபோடுதலில் சமயத்துக்கு அரசின் முன் என்ன இடம் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 845இல் தாங் பேரரசர் வூசோங் பௌத்தத்தை ஒடுக்க ஆணையிட்டார். அந்த ஆணையின் கணக்குப்படி 4,600 மடங்கள் இடிக்கப்பட்டன, 2,60,500 துறவியர் இல்லறத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டு வரி செலுத்துவோர் ஆக்கப்பட்டனர். 1077 ஜனவரியில் ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றி, தன்னைத் திருச்சபையிலிருந்து விலக்கிய போப் ஏழாம் கிரகோரியிடம் மன்னிப்புப் பெறுவதற்காகக் கனோசா கோட்டையின் வாசலில் மூன்று நாள் காத்திருந்தார். கனோசாவில் நடந்தது போன்ற ஒன்று சீனத்தில் நடந்திருக்க இயலுமா, வூசோங்கின் ஆணை போன்ற ஒன்றை 11ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஓர் அரசர் பிறப்பித்திருக்க இயலுமா என்று கேட்டுப்பாருங்கள். ஐரோப்பாவில் அரசுகள் பலவாகப் பிரிந்திருக்க, அவற்றையெல்லாம் கடந்த அமைப்பாகத் திருச்சபை நின்றது. சீனத்தில் அரசைக் கடந்த அப்படியொரு அமைப்பு நிலைக்க விடப்படவில்லை.

இந்த அளவுக்குக் காலத்தின் சட்டகம் பிடிபட்டவுடன், தயங்காமல் பழைய வரலாற்றாசிரியர்களிடமே செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூலநூல்கள் அறிஞர்களுக்கு மட்டுமே உரியவை என்ற அச்சம் தேவையற்றது. சிமா சியெனைப் போல வாசகரைப் பிடித்து நிறுத்தும் எழுத்தாளர்கள் எந்தக் காலத்திலும் குறைவே. ஹான் பேரரசர் வூவின் அரசவையில் அவர் பணியாற்றினார். கி.மு. 110இல் இறந்த தந்தை சிமா தான், தான் தொடங்கிய வரலாற்றை முடிக்கும் பொறுப்பை மகனிடம் விட்டுச்சென்றார். கி.மு. 99இல் லீ லிங் என்ற தளபதி, பெரும்படையிடம் சிக்கிப் போரிட்டுத் தோற்று சியோங்னுகளிடம் சரணடைந்தபோது, அரசவையில் அவருக்காகப் பேசியவர் சிமா சியென். அதற்காக அவருக்கு ஆண்மை நீக்கத் தண்டனை விதிக்கப்பட்டது. மானமுள்ளவர் அத்தகைய இழிவுக்கு முன் உயிரை விடுவதே முறை என்று கருதப்பட்ட காலத்தில், எழுதிக்கொண்டிருந்த நூல் முடியவில்லை என்பதற்காகவே அந்த இழிவைத் தாங்கி உயிரோடிருந்ததாக ரென் ஆன் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொல்கிறார். அந்தக் கடிதத்தை முதலில் படித்துவிட்டு நூலுக்குள் நுழைவது நல்லது.

'ஷிஜி' என்ற அவருடைய நூலின் அமைப்பு, தொடக்கத்தில் வாசகரைத் திகைக்க வைக்கும். 130 அத்தியாயங்களில் 12 ஆட்சியாளர்களின் ஆண்டு வரலாறுகள், 10 கால அட்டவணைகள், சடங்கு, இசை, நாட்காட்டி, நீர்வழிகள், பொருளாதாரம் முதலியவை பற்றி 8 கட்டுரைகள், பெருங்குடிகளைப் பற்றி 30, தனிமனிதர்கள் முதலியோரைப் பற்றி 70. ஒரே நிகழ்வு பல இடங்களில் பல கோணங்களில் வருகிறது. ஹான் மரபை நிறுவிய லியூ பாங், அவரிடம் தோற்ற சியாங் யூ ஆகிய இருவரின் அத்தியாயங்களையும் அடுத்தடுத்துப் படித்தால் இந்த அமைப்பின் நோக்கம் விளங்கும். கி.மு. 205இல் தோற்று ஓடிய லியூ பாங், வண்டியின் வேகம் குறையக்கூடாது என்று தன் மகனையும் மகளையும் வண்டியிலிருந்து கீழே தள்ள, உடனிருந்த தேரோட்டி மறுபடி மறுபடி இறங்கி அவர்களை ஏற்றினார் என்ற செய்தி லியூ பாங்கின் அத்தியாயத்தில் இல்லை. சியாங் யூவின் அத்தியாயத்தில் இருக்கிறது. ஆளும் மரபின் முதல் பேரரசரைப் பற்றிச் சொல்லக்கூடாததை, அவருடைய பகைவரின் வரலாற்றுக்குள் வைத்துச் சொல்லிவிடுகிறார். அதோடு, ஒருநாளும் பேரரசராகாத சியாங் யூவுக்கு ஆட்சியாளர்களின் வரிசையிலேயே இடம் தந்திருக்கிறார். இதைக் காணும் எவரும் இந்த நூலை ஆவணத் தொகுப்பாக மட்டும் கருத மாட்டார்கள்.

கிரேக்கர்களில் ஹெரோடோட்டஸையும் தூசிடிடீஸையும் இந்த வரிசையிலேயே படிக்கலாம். ஹெரோடோட்டஸ் பாரசீகப் போர்களின் காரணத்தைத் தேடிப் புறப்பட்டு, எகிப்து, சிதியா, பாபிலோன் என்று தான் கேட்டவற்றையெல்லாம் கொண்டுவருகிறார். சொல்லப்பட்டதைச் சொல்வது தன் கடமை, எல்லாவற்றையும் நம்புவது கடமையன்று என்று அவரே எழுதியிருக்கிறார். தூசிடிடீஸ் கி.மு. 424இல் ஆம்ஃபிபோலிஸைக் காக்கத் தவறிய ஏதென்ஸ் தளபதி. நாடுகடத்தப்பட்ட நிலையில், இருதரப்பாரிடமும் விசாரித்து, ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த பெலொபொனேசியப் போரை எழுதினார். ஏதென்ஸைத் தாக்கிய கொள்ளைநோயை அவர் விவரிக்கும் பகுதியை மட்டுமாவது படிக்க வேண்டும். அந்த நோய் கண்டு பிழைத்தவர் என்பதால் அந்த விவரிப்பில் ஒரு துல்லியம் உண்டு. நூலில் வரும் சொற்பொழிவுகளை, சூழலுக்கு ஏற்ப அவரவர் பேசியிருக்கக்கூடியவையாகத் தானே அமைத்ததாக அவர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். அரசவையின் சினத்துக்கு ஆளான சிமா சியென், நகரத்தின் சினத்துக்கு ஆளான தூசிடிடீஸ், பிணையாளியான பாலிபியஸ் என்று மூவருமே அதிகாரத்தின் கையில் துன்புற்ற பின் எழுதியவர்கள், அல்லது எழுதி முடித்தவர்கள்.

சீனத்தில் இந்த நிலை பின்னாளில் மாறியது. தாங் பேரரசர் தாய்சோங் 629இல் அரசவையில் வரலாற்றுக்கென்று ஓர் அலுவலகத்தை அமைத்தார். இவர் 626இல் உடன்பிறந்தார் இருவரை அரண்மனை வாயிலில் கொன்று அரியணைக்கு வழி செய்துகொண்டவர். தன்னைப் பற்றி எழுதப்பட்டதைப் பார்க்க வேண்டும் என்று வரலாற்று அலுவலரிடம் கேட்டவரும் இவரே. ஒரு மரபின் வரலாற்றை அடுத்த மரபு தொகுப்பது வழக்கமாயிற்று. மிங் மரபின் அதிகாரபூர்வ வரலாறு அதை அடுத்து வந்த சிங் ஆட்சியில் 1739இல்தான் நிறைவுற்றது. ஆகவே ஒவ்வொரு மரபின் கடைசி ஆட்சியாளரும் கொடியவராகவோ பலவீனராகவோ தோன்றுவதைக் காணும்போது வாசகர் சற்று நிற்க வேண்டும். பெருங்கால்வாயை வெட்டுவித்த சுய் பேரரசர் யாங்கைப் பற்றி எழுதியவர்கள், அவரிடமிருந்து ஆட்சியைப் பெற்றவர்களின் அலுவலர்கள். இந்த மரபுக்குள்ளேயே தலைசிறந்த விமர்சனமும் தோன்றியது. 1084இல் நிறைவுற்ற, சிமா குவாங் என்ற அறிஞரின் பெருநூல் கி.மு. 403 முதல் கி.பி. 959 வரையிலான காலத்தை 294 பகுதிகளில் ஆண்டு வரிசையில் சொல்கிறது. சான்றுகள் முரண்பட்ட இடங்களில் எதை ஏன் ஏற்றார் என்பதை விளக்க 30 பகுதிகள் கொண்ட தனி நூலையே அவர் இணைத்திருக்கிறார்.

ஹான் மரபு சிதைந்து சீனம் மூன்றாகப் பிரிந்திருந்த மூன்று அரசுகளின் காலத்தைப் பலர், அதைப் பற்றிய புகழ்பெற்ற சீனப் புதினம் வழியாகவோ, அதன் அடிப்படையில் அமைந்த திரைப்படங்கள், விளையாட்டுகள் வழியாகவோ முதலில் அறிந்திருப்பார்கள். அதில் தவறில்லை; ஆர்வம் எங்கிருந்து வந்தாலும் நல்லதே. ஆனால் 208இல் நடந்த செம்பாறைப் போருக்கும் அந்தப் புதினம் உருவானதற்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கடந்திருக்கின்றன. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் ஷோவின் வரலாற்றோடு அதை ஒப்பிட்டால், கொடியவராக நாம் அறிந்த சாவ் சாவ், திறமையான ஆட்சியாளராகவும் நல்ல கவிஞராகவும் வேறு முகம் காட்டுவார்.

பெயர்களைப் பற்றிச் சில நடைமுறைக் குறிப்புகள் அவசியம். சீனப் பெயரில் குடிப்பெயர் முதலில் வரும். பேரரசர்கள் மறைவுக்குப் பின் தரப்பட்ட பெயராலோ, முன்னோர் வழிபாட்டுக்கான கோயிற் பெயராலோ, ஆட்சிக் காலப் பெயராலோ அறியப்படுகின்றனர். ஹான் வூ என்பது முதல் வகை, தாங் தாய்சோங் இரண்டாம் வகை, காங்சி மூன்றாம் வகை. மிங், சிங் காலங்களில் பெரும்பாலும் ஒரு பேரரசருக்கு ஓர் ஆட்சிக் காலப் பெயரே இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சின், சிங், ஜின் என்று தமிழ் எழுத்தில் நெருங்கி ஒலிக்கும் மரபுகளை ஆண்டோடு சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்: நாட்டை முதலில் ஒன்றாக்கிய சின் கி.மு. 221, கடைசி மரபான சிங் 1644 முதல் 1912 வரை. ஜின் என்ற பெயரில் 266இல் தொடங்கியது ஒன்று, 1115இல் மஞ்சூரியாவின் ஜூர்சென் இனத்தவர் நிறுவியது வேறொன்று. மேற்கில் சிக்கல் வேறுவகையானது. ஒரே பெயருடைய ஹென்றிகளும் லூயிகளும் எண்ணால் மட்டுமே வேறுபடுகின்றனர். பைசாந்தியம், கான்ஸ்டான்டிநோபிள், இஸ்தான்புல் மூன்றும் ஒரே நகரம்.

வரைபடத்தைப் பொறுத்தவரை, அரசுகளின் எல்லைகளைக் காட்டும் படத்துக்கு முன்பு மலைகளையும் ஆறுகளையும் காட்டும் படத்தைப் பாருங்கள். பழைய தலைநகரான சாங்ஆன் அமைந்த சமவெளியைக் கணவாய்கள் எப்படிக் காக்கின்றன, மஞ்சள் ஆற்றுக்கும் யாங்சேக்கும் நடுவே ஹுவாய் ஆறு ஏன் வடக்கையும் தெற்கையும் பிரிக்கும் கோடாகத் திரும்பத் திரும்ப வருகிறது, ரைனும் டான்யூபும் ரோமுக்கு எப்படி எல்லையாயின என்பவை கண்ணுக்குப் பழகிவிட்டால் பாதிப் போர்கள் விளக்கமின்றியே புரியும். மஞ்சள் ஆறு தன் தடத்தையே மாற்றிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்; 1855இல்தான் அது இன்றுள்ள வடக்குத் தடத்துக்குத் திரும்பியது.

ஒன்றின் அளவுகோலை மற்றதன் மீது வைக்கும் பழக்கத்தைப் பற்றி நான் கவலையோடு குறிப்பிட விரும்புகிறேன். பழங்காலம், இடைக்காலம், நவீன காலம் என்ற பிரிவு ஐரோப்பியர்கள் தங்கள் வரலாற்றுக்காக வகுத்துக்கொண்டது. அதைச் சீனத்தின் மீது பொருத்தினால், 1020களில் அரசே தாள்பணம் வெளியிட்ட, தேர்வின் மூலம் அலுவலர்களைத் தேர்ந்தெடுத்த, அச்சிட்ட நூல்கள் பரவலாகக் கிடைத்த சோங் காலம் 'இடைக்காலம்' என்ற பெயருக்குள் அடைபட்டுவிடுகிறது. எதிர்த்திசையிலும் இதே தவறு நேரும். சீனத்தின் அரச மரபுகளைப் படித்துப் பழகியவர் ஐரோப்பாவிலும் நாடு, மரபு, தலைநகர் என்ற தெளிவைத் தேடுவார். தென்மேற்குப் பிரான்சின் அக்விடைன் நாட்டின் உரிமையாளரான எலினார், பிரான்சு அரசர் ஏழாம் லூயியுடன் நடந்த திருமணம் 1152இல் செல்லாதென்று அறிவிக்கப்பட்டவுடன் ஹென்றியை மணந்தார். 1154இல் அந்த ஹென்றி இங்கிலாந்தின் அரசரானார். இங்கிலாந்தில் அரசராக இருந்தவர், பிரான்சில் தான் ஆண்ட நிலங்களுக்காகப் பிரான்சு அரசருக்குப் பணிந்தவராகவும் இருந்தார். இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள நாடு என்ற எண்ணத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, திருமணம், வாரிசுரிமை, விசுவாச உறுதிமொழி ஆகியவற்றைக் கொண்டு சிந்திக்க வேண்டும்.

இரண்டையும் இணையாகப் படிக்கும்போது ஒரு ஏட்டில் இரண்டு பத்திகள் வரைந்து, ஒரே நூற்றாண்டின் நிகழ்வுகளை எதிரெதிரே எழுதிக்கொள்வது பெரிதும் உதவும். நேரு சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய உலக வரலாற்றுக் கடிதங்களின் சிறப்பும் இதுவே: ஒரு காலத்தில் நின்று சீனத்தையும் ஐரோப்பாவையும் இந்தியாவையும் சுற்றிப் பார்த்துவிட்டே அவர் மேலே செல்கிறார். எதிரெதிரே எழுதும்போது இரண்டு வரலாறுகளும் தொட்டுக்கொள்ளும் இடங்களும் தெரியவரும். 97இல் ரோமை நோக்கி அனுப்பப்பட்ட ஹான் தூதர் கான் யிங், மேற்கே கடற்கரை வரை சென்று, அதற்கு மேலுள்ள கடற்பயணத்தின் நீளத்தைக் கேட்டுத் திரும்பினார். 166இல் ரோம அரசரின் பெயரைச் சொல்லிக்கொண்டு சிலர் தெற்குக் கடல் வழியாக ஹான் அரசவைக்கு வந்ததாகச் சீனப் பதிவு உள்ளது. சோழத் தூதுக்குழு 1015இல் சோங் அரசவையை அடைந்ததும், தென்கிழக்குச் சீனத்தின் சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருப்பதும் அந்தப் பத்திகளின் நடுவே நாம் எழுதிக்கொள்ள வேண்டியவை; இரு முனைகளுக்கும் இடையே கடல் வெறுமையாக இருக்கவில்லை.

முதல் கேள்வியோடு சில மாதங்கள் பழகியவர் அடுத்ததாக 17ஆம் நூற்றாண்டை எடுத்துக்கொள்ளலாம். 1644இல் கிளர்ச்சிப் படை பெய்ஜிங்குக்குள் நுழைய, மிங் பேரரசர் சோங்சென் தூக்கிட்டுக்கொண்டார். 1648இல்தான் ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போர் முடிந்தது. 1649 ஜனவரியில் இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்டு இறந்தார். முதல் கேள்வியில் இரண்டு உலகங்களும் பெரும்பாலும் தனித்தனியே சிதைந்தன. இங்கே அவ்வாறன்று. குளிரும் வறட்சியும் இருபுறத்து அறுவடைகளையும் தாக்கின. தென் அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளி, ஐரோப்பிய அரசர்களின் போர்ச் செலவுக்கும் சீனக் குடியானவரின் வரிக்கும் ஒருசேரப் போய்க்கொண்டிருந்தது. இந்தக் காலத்தை அரசர்களிடமிருந்து தொடங்காமல் வெள்ளியிலிருந்து தொடங்குங்கள். 1545இல் பொட்டோசி மலையில் அது கண்டுபிடிக்கப்பட்டது, 1571இல் ஸ்பானியர் மணிலாவில் நிலைகொண்டது, அங்கு வந்த தென்கிழக்குச் சீனத்து ஃபூஜியன் வணிகர்கள் பட்டுச் சரக்கையும் பீங்கானையும் கொடுத்து அதை வாங்கிச் சென்றது, மிங் அரசு பல வரிகளையும் கட்டாய உழைப்பையும் ஒன்றாக்கி வெள்ளியில் வாங்கத் தொடங்கியது என்ற வரிசையில் படித்துவிட்டு, அதன் பிறகு பெய்ஜிங்குக்கும் லண்டனுக்கும் செல்லுங்கள்.